மிஸ்

சோலைராஜ் ரீகாவில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறான்,
சைக்கிளில், பனியில்.
படிக்கப் போனவன்தான். படிக்கவும் செய்கிறான்.
மொழித் தேர்வு ஒன்று இருக்கிறது,
தேறினால் கூரைக்குக் கீழே வேலை கிடைக்கலாம்.

அதனால் லாட்விய மொழி எனக்கு
மேலூரிலிருந்து மாட்டுத்தாவணி வரைக்கும் தெரியும்.
பள்ளிக்கூடம் விட்டு நான் பஸ் ஏறும்போது
அங்கே மதியம், ஆர்டர் வராத நேரம்.
அவன் அனுப்பிய பட்டியலை நான் கேட்க, அவன் ஒப்பிப்பான்.

போன வாரம் ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது.

மிஸ்.

நமக்கு அதில் என்ன கஷ்டம்?
'மிஸ், பஸ்ஸ மிஸ் பண்ணிட்டேன் மிஸ்'
என்று ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு வந்து நிற்கிறது.
கேரம் போர்டில் சிவப்பு விளிம்பை முட்டித் திரும்பினால் மிஸ்.
ரெண்டு ரிங்கில் வெட்டினால் மிஸ்டு கால்,
தெருமுனைக்கு வந்துட்டேன், கதவைத் திற என்று அர்த்தம்.
கணக்கில் ஒரு ஸ்டெப்பைக் காணோம் என்றாலும் அதே.
ஒரே பாத்திரத்தில் ரசமும் பாலும்.

அவர்கள் தனித்தனியாக வைத்திருக்கிறார்களாம்.
பஸ்ஸை விட்டால் நொகவேத்.
குறி தப்பினால் நெத்ராபீத்.
கல்யாணமாகாத பெண்ணைக் கூப்பிட யவுன்குண்ட்ஸே.
('குண்டா? யாரைச் சொல்றான்?' என்றாள்
பக்கத்து சீட்டில் சயின்ஸ் மிஸ்.)
ஒருத்தர் இல்லாமல் வெறிச்சென்று கிடந்தால்
அதற்குப் பியெத்ரூக்ஸ்த்.
அதில் நான் உன்னை எதுவும் பண்றதில்லக்கா,
எனக்கு நீ குறையுற, அவ்வளவுதான்,
டீக்குச் சீனி குறையுற மாதிரி.

நல்ல மொழி என்றேன்.
நிறுத்துக் கொடுக்கிறது.

வகுப்பில் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னார்களாம்.
'அப்பாவை' என்று தொடங்கி
நொகவேத் போட்டு முடித்திருக்கிறான்.
டீச்சர் சிவப்பு மையில் அடித்து
மேலே பியெத்ரூக்ஸ்த் என்று எழுதிவிட்டாள்.
ரயிலுக்கும் பஸ்ஸுக்கும்தான் அது,
மனுசருக்கு வராது என்றாளாம்.

அப்பா மாட்டுத்தாவணியில் டைம் கீப்பர்.
கார்மேகம் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது,
டயம் என்றால் எல்லா டிரைவருக்கும் தெரியும்.
ரெண்டு நிமிசம் பிந்தினால் ரெண்டு நிமிசம் என்று எழுதுவார்,
சொந்த மச்சான் ஓட்டி வந்தாலும்.

மாசியில் அவர் போனார்.
இஸ்தான்புல்லில் பனி, இவன் அங்கே ஒன்பது மணி நேரம்.
ஃப்ரீசர் பெட்டியை இன்னொரு நாளைக்குக் கேட்டு வாங்கினோம்.
பெட்டிக்காரர் வாடகையைப் பேசவில்லை,
உங்க தெருவுல கரண்டு நிக்குமா என்று மட்டும் கேட்டார்.
பெரியப்பா வாட்சைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார்.
மூணு ஐம்பதுக்கு எடுத்தோம்.
தத்தனேரியில் எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்து
ஆண்கள் தலை காயாமல் உட்கார்ந்திருந்தபோது
ஆறு இருபதுக்கு ஆட்டோவிலிருந்து இறங்கினான்,
கழுத்து வரைக்கும் பனிக்கோட்டு,
அதற்குள் ஆறாய் வேர்வை.
யாரோ ஒருத்தர் சொன்னார்,
தம்பி, முதல்ல அதைக் கழட்டு.

ஒத்தக்கடை தாண்டும்போது கேட்டேன்,
நீ சரியாத்தானே எழுதியிருக்க,
டீச்சர்கிட்ட சொன்னியா?

வார்த்தை பத்தலக்கா.
அது அடுத்த லெவல் புஸ்தகத்துலதான் வரும்.

இன்னொரு தடவை அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தான்.
பஸ் இரைச்சலில் எனக்கு
நோக மட்டும் கேட்டது.

மாட்டுத்தாவணியில் இறங்கினேன்.
பத்து நிமிசம் பிந்தி வந்த திருப்பத்தூர் வண்டிக்கு
புது டைம் கீப்பர்
போர்டில் இருந்த நேரத்தையே பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்.
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.
ஒன்றும் சொல்லவில்லை.